இரண்டரை மணி விமானம்

மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானம் எங்கள் திருமுடிவாக்கம் மொட்டை மாடிக்கு மேலே எவ்வளவு தாழப் பறக்கிறது என்பது போன வருஷம்வரை எனக்குத் தெரியாது. ராத்திரி இரண்டரை மணிக்கு மாடியில் எனக்கென்ன வேலை? அப்புறம் தினமும் போகும்படி ஆனது. கழுத்தடியில் குப்பென்று ஒரு சூடு கிளம்பி முகத்துக்கு ஏறும். இரண்டே நிமிஷத்தில் நைட்டி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த நிமிஷம் உடம்பு வெடவெடக்கும். கீழே எனக்காக ஏசி 18இல் ஓட, வீட்டுக்காரர் இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடப்பார். சிட்கோ பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட் மெஷின் தட்டிக்கொண்டே இருக்கும். அதற்கும் தூக்கமில்லை, எனக்கும் தூக்கமில்லை.

எனக்கு 50. பீரியட்ஸ் நின்று ஒன்றரை வருஷம். "எல்லாருக்கும் வர்றதுதானே, பொறுத்துக்கோடி" என்றாள் அக்கா. அம்மாவும் பொறுத்துக்கொண்டவர்தான். 71 வயதில் பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்து, படுத்த படுக்கையாகக் கிடந்ததையும் பொறுத்துக்கொண்டார்.

முதலில் பார்த்த டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதினார். ஹார்மோன் எடுக்கலாமா என்று கேட்டேன். "கேன்சர் வந்தா பரவாயில்லையா?" என்றார், தலை நிமிராமல். பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கு அலைந்த குடும்பம் எங்களுடையது. அந்த ஒரு சொல் போதும், எழுந்து வந்துவிட்டேன். ஆறு மாதம் தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடியும் எள்ளுருண்டையுமாக ஓடியது. எள்ளுருண்டையால் இரண்டு கிலோ ஏறினேன், வேறொன்றும் நடக்கவில்லை.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று மாடியில் உட்கார்ந்து போனில் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றை 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜஸ்டினும் சேர்ந்த மாத்திரை மார்பகப் புற்றுநோயைக் கூட்டுகிறது என்று உலகமெங்கும் செய்தி. எவ்வளவு கூட்டியது? 10,000 பெண்களுக்கு ஒரு வருஷத்தில், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 30 பேருக்கு வந்தது, மருந்து சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு. அந்த 8 பேரை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை, பெரியம்மாவைப் பார்த்தவள் நான். ஆனால் அதே ஆய்வில் இடுப்பெலும்பு முறிவு 15இலிருந்து 10ஆகக் குறைந்ததும் இருக்கிறது. அதை எனக்கு யாரும் சொல்லவே இல்லை. இன்னொன்று: அந்தப் பெண்களின் சராசரி வயது 63. நம் பெண்களுக்கோ 46, 47லேயே நின்றுவிடுகிறது. என்னைவிடப் பதிமூன்று வயது மூத்தவர்களுக்குப் போட்ட கணக்கை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்துகளின் மேலிருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையைப் பெரும்பாலும் எடுத்துவிடப்போவதாக அறிவித்தது. அன்று பயமுறுத்தியதும் மேளம் கொட்டித்தான், இன்று தைரியம் சொல்வதும் மேளம் கொட்டித்தான். எனக்கு மேளம் வேண்டாம், என்னைப் பற்றி நாலு கேள்வி கேட்கிற ஆள் வேண்டும்.

குரோம்பேட்டையில் அப்படி ஒரு டாக்டரம்மா கிடைத்தார். பெரியம்மாவுக்கு எந்த வயதில் வந்தது? 66. எனக்கு மார்பில் கட்டி, காலில் ரத்தக்கட்டு, பக்கவாதம், ஈரல் கோளாறு ஏதாவது உண்டா? நின்ற பிறகு திரும்ப ரத்தம் பட்டதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பேச்சே வேறு என்றார். 60 வயதுக்குள், நின்று பத்து வருஷத்துக்குள் ஆரம்பித்தால் பெரும்பாலும் நன்மைதான் அதிகம் என்றார். மாமோகிராம் எடுத்து வரச் சொன்னார். கர்ப்பப்பை இருப்பதால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் தந்தால் அதன் உள்சுவர் தடித்துப் புற்றாகலாம், அதனால் ராத்திரி புரோஜெஸ்டிரான் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் ஜெல்லாக, தோல் வழியே போனால் ரத்தம் உறையும் அபாயம் மாத்திரையைவிடக் குறைவாம். "வேணாம்னு தோணினா அதுவும் சரிதாம்மா. ஹார்மோன் இல்லாத மருந்தும் இருக்கு" என்றார். அந்த வார்த்தைக்காகவே சரி என்றேன்.

மூன்று மாதமாகிறது. குளித்ததும் மேல்கையில் தடவிவிட்டு, காயும்வரை கையை அகட்டிக்கொண்டு நிற்கிறேன். இவர் பார்த்துச் சிரிக்கிறார். ஏசி 24க்கு வந்திருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் இன்னும் மாடிக்குப் போகிறேன். பெரியம்மா நினைப்பு வராமலும் இல்லை. வருஷம் ஒருமுறை மாமோகிராம், மறுபடி யோசனை என்று பேச்சு.

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் நர்சரிச் செடிகளுக்கு நடுவே அக்கா என் காதருகே வந்தாள்.

"அந்த ஜெல் பேரு என்னடி?"

அக்காவுக்கு 58. அவளுக்கு 42 வயதில் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். பதினாறு வருஷம். இத்தனை நாளில் அவளுக்கு வேர்த்ததா என்று நானே ஒரு தடவையும் கேட்டதில்லை.

"பேரு எதுக்குக்கா, செவ்வாய்க்கிழமை என்கூட வா. உன் கணக்கு வேற" என்றேன்.