அம்மா திருப்பிய செயின்



முதலாமாண்டு ஆங்கில வகுப்பு. 'ரெக்கவர்' என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். "மை மதர் ரெக்கவர்ட் ஹர் செயின் ஃப்ரம் தி பேங்க்" என்றேன். "ஏம்ப்பா, செயின் திருட்டுப் போயிருந்துச்சா?" என்று கேள்வி வந்தது. வகுப்பே சிரித்தது. உட்கார்ந்தவன்தான், அந்த செமஸ்டர் முழுக்க வாயைத் திறக்கவில்லை.

திருட்டுப் போகவில்லை நண்பர்களே. என் அட்மிஷன் ஃபீஸுக்காக அடகு போயிருந்தது! ரோஜாத் தோட்டத்தில் பூப்பறித்து, வட்டியும் அசலும் கட்டி, "கண்ணு, செயினைத் திருப்பிட்டேன்டா" என்று அம்மா வந்து சொன்ன மறுநாள் நடந்த வகுப்பு அது.

என் தப்பு எங்கே? கைடில் ரெக்கவர், ரிடீம், ரெட்ரீவ், ரீகெயின், ரீகிளைம் எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம்: 'மீட்டல்'. அதை மனப்பாடம் செய்தேன். ஆனால் நம் வீட்டில் யாராவது 'மீட்டல்' என்று பேசுகிறோமா?

அடகு நகையைத் திருப்புகிறோம். அதுதான் ரிடீம். காய்ச்சல் வந்தவனுக்கு உடம்பு தேறுகிறது. அது ரெக்கவர். திருட்டுப்போன வண்டி போலீஸ் மூலம் கிடைத்தாலும் ரெக்கவர்தான். மயங்கி விழுந்தவனுக்கு நினைவு திரும்புவது ரீகெயின். போன கரண்ட் வருவது ரெஸ்டோர். கம்ப்யூட்டரில் சேமித்த ஃபைலைத் தேடி எடுப்பது ரெட்ரீவ். நம் ஃபவுண்ட்ரியில் வார்ப்பு முடிந்த மணல்கட்டியை உடைத்து, இரும்புத் துணுக்கை நீக்கி, சலித்து மறுபடி அச்சுக்குத் தயார் செய்கிறோமே, அது ரீகிளைம். பார்த்தீர்களா? அத்தனைக்கும் நம்மிடம் தனித்தனிப் பேச்சு இருக்கிறது. கைடுதான் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது!

இன்னொன்றும் கவனியுங்கள். தவணை கட்டாத வீட்டு வாசலில் வந்து நிற்பதும் 'ரெக்கவரி'தான். நம் பாஷையில் வசூல். கொடுத்தவனுக்கு அது மீட்பு, வாங்கியவனுக்கு இழப்பு! யார் பக்கம் நின்று பேசுகிறோம் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

நம் மாவட்ட எல்லைக்கு அப்பால் கோலார் தங்கவயல். தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இறங்கி வேலை செய்த சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அங்கே குவிந்து கிடக்கும் மண்மேடுகளில் மிச்சமுள்ள தங்கத்தைப் பிரித்தெடுப்பதற்கும் 'ரெக்கவரி' என்றுதான் பெயர். மண்ணிலிருந்து தங்கத்தை ரெக்கவர் செய்யலாம். அந்தத் தொழிலாளியின் போன வேலையை எந்தச் சொல்லால் மீட்பது?

"கம்பெனி இன்டர்வியூ இங்கிலீஷில்தானே?" என்று கேட்பீர்கள். உண்மை. சிப்காட் கேட்டுக்குள் நுழைய ஆங்கிலம் வேண்டும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவோம் என்றுதான் சொல்கிறேன்.

இது புது யோசனையும் அல்ல. நம் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, 1916-லேயே அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்க ஒரு சங்கம் அமைத்தார். ரசாயனத்தை எளிய தமிழில் சொல்லத் 'திண்ணை ரசாயனம்' எழுதினார். அன்றே முடிந்தது, இன்று நம்மால் முடியாதா?

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். துறைக்கு ஒரு நோட்டுப் போடுவோம். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், எதிர்ப்பக்கம் அது நம் வீட்டில், வொர்க்‌ஷாப்பில் எப்படிப் புழங்குகிறது என்ற விவரம். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் நண்பர்கள் தங்கள் சொல்லையும் எழுதட்டும். வாரம் அரை மணி நேரம் சீனியர்கள் முதலாமாண்டுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். பைசா செலவில்லை!

என்னோடு சேர்ந்த ஒரு நண்பன் இரண்டு அரியரோடு நின்றுவிட்டான். இன்று எங்கோ ஹெல்பர் வேலை. அவனுக்கு மெஷின் புரியாமல் இல்லை, கேட்கத்தான் கூச்சம். அடுத்த வருடம் இன்னொருவன் அப்படி நிற்கக் கூடாது.

அம்மா செயினைத் திருப்பிவிட்டார். அன்றைக்கு வகுப்பில் நான் அடகு வைத்த தைரியத்தை இந்தக் கட்டுரையால்தான் திருப்புகிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள். சிரித்துவிட்டுச் சொன்னாலும் சரி, இந்த முறை உட்கார மாட்டேன்!

— இரண்டாமாண்டு, இயந்திரவியல் துறை