புலிக்குப் பல்லைப் பிடுங்காதீங்க

கேம்ல தோத்தவன் வாயிலிருந்து முதல்ல வர்ற வார்த்தை என்ன தெரியுமா? "நெர்ஃப் பண்ணு." அதாவது எதிராளிகிட்ட இருக்கிற பலமான ஆளோட பலத்தைக் குறை. அது தலைவனா இருக்கலாம், ஆயுதமா இருக்கலாம், சாமியா இருக்கலாம். என்னை அடிச்சது எதுவோ அதை வெட்டிச் சின்னதாக்கு, அவ்வளவுதான் கோரிக்கை. இந்த வியாதி இப்ப எங்க செட்டுக்குள்ளயும் வந்தாச்சு. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

விளையாடாதவங்களுக்குக் கொஞ்சம் விளக்கம். நாங்க ஆடறது டாமினியன்ஸ். ஸ்வீடன்ல ரெண்டே ரெண்டு பேர் சேர்ந்து ஆரம்பிச்ச இல்விண்டர் கம்பெனியோட கேம். ஆறாவது பாகம் 2024 ஜனவரில வந்தது. படம் பார்த்தா பழைய காலத்து கேம் மாதிரி இருக்கும், ஆனா உள்ளே கடல். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாடு, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சாமித் தலைவர். உலகத்துக்கே நான் ஒருத்தன்தான் கடவுள்னு நிரூபிக்கணும், அதுக்குத்தான் போர். எல்லாரும் கட்டளையை எழுதி அனுப்பினதும் ஒரு மாசம் நகரும். தினம் ஒரு முறைன்னு வச்சுக்கிட்டா செமஸ்டர் நேரத்துலயும் ஆடலாம். கைலாசா, லங்கா, பாதாளான்னு நம்ம ஊர்க் கதைகள்லேருந்து எடுத்த நாடுகள் கூட இருக்கு.

சாமியை நாமதான் வடிவமைக்கணும். எல்லாருக்கும் ஒரே அளவு புள்ளிகள் தருவாங்க. அந்தப் புள்ளியிலதான் உருவம், மந்திரம், செல்வாக்கு எல்லாம் வாங்கணும். நாட்டோட ஒழுங்கு, உற்பத்தி, வளர்ச்சி, அதிர்ஷ்டம் இதெல்லாமும் அதே பையிலிருந்துதான். சாமி எப்ப வரணும்ங்கறதுக்கும் விலை உண்டு. முதல் மாசமே முழிச்சிருக்கலாம். தூங்கிட்டிருந்து சுமார் ஒரு வருஷம் கழிச்சு வரலாம். சிறையில இருந்து சுமார் மூணு வருஷம் கழிச்சு வரலாம். எவ்வளவு லேட்டோ அவ்வளவு அதிகப் புள்ளி.

எங்க செட்ல வந்திருக்கிற தீர்மானம் இதுதான்: முதல் மாசமே முழிச்சிருக்கிற டிராகன், டைட்டன் மாதிரி பெரிய சாமிகளுக்குத் தடை. காரணமும் சும்மா இல்லை. அந்த மாதிரி சாமி படையே இல்லாம தனியா நடந்து போய் அக்கம்பக்கத்து ஊர்களைப் பிடிக்கும். நாம ஆள் சேர்த்து, சம்பளம் கொடுத்து ரெண்டு ஊர் பிடிக்கறதுக்குள்ள அவன் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருப்பான். பார்க்க எரிச்சலாத்தான் இருக்கும். ஒத்துக்கறேன்.

ஆனா அவன் என்ன கொடுத்துட்டு அதை வாங்கினான்னு யாராவது பார்த்தீங்களா? பி.காம் முதல் வருஷம் முதல் பாடமே இரட்டைப் பதிவு முறைதானே. ஒரு பக்கம் பற்று எழுதினா இன்னொரு பக்கம் வரவு இருந்தே ஆகணும். முழிச்சிருக்கிற டிராகனை வாங்கினவன் கணக்கைத் திறந்து பாருங்க. அதே புள்ளியில நீங்க வாங்கின ஒழுங்கும் உற்பத்தியும் அவன்கிட்ட இருக்காது. படைக்குக் கிடைக்கிற ஆசீர்வாதமும் சுமாராத்தான் இருக்கும். முதல் வருஷம் அவன் ராஜா. மூணாவது வருஷம் உங்க கஜானா நிரம்பியிருக்கும், அவன் கஜானா காத்தாடும். அவன் வரவை மட்டும் பார்த்துட்டுப் பற்றைப் பார்க்காம அழறது கணக்குத் தெரியாத அழுகை.

இதுக்கெல்லாம் ஸ்வீடனுக்குப் போக வேண்டியதில்லை. நம்ம ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கோங்க. 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடு யாரையும் வெட்ட முடியாது. எல்லா ஆட்டையும் இறக்கி முடிக்கிற வரைக்கும் இறக்கின ஆடு நகரக்கூட முடியாது. இதை விட அநியாயம் உண்டா? ஆனாலும் எந்தப் பாட்டியாவது "புலி ரொம்ப பலமா இருக்கு, வெட்டற உரிமையைப் பிடுங்கு"ன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? ஆட்டுக்காரன் நெருக்கி நெருக்கிக் கட்டினா மூணு புலியும் நகர வழியில்லாம முழிக்கும். புலியோட பலத்துல யாரும் கை வைக்கலை. அதை அடைக்க ஆட்டுக்கு வழி கொடுத்தாங்க, எண்ணிக்கை கொடுத்தாங்க. காய்கள் சமமா இருக்கணும்னு அவசியமே இல்லை. ஆட்டம் சமமா இருந்தா போதும். நான் சொல்ல வந்தது மொத்தமும் இந்த ஒரு வரிதான்.

ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு இன்னும் சுலபமா புரியும். தாயார் சன்னதிக்கு எதிர்ல கம்பர் மண்டபம், பக்கத்துல மேட்டழகிய சிங்கர். கம்பர் அங்க ராமாயணம் அரங்கேற்றினப்போ இரணியன் வதைப் பகுதிக்கு எதிர்ப்பு வந்ததாகவும், அந்த நரசிம்மரே தலையசைச்சு ஏத்துக்கிட்டதாகவும் ஐதீகம். அந்த இரணியன் வாங்கின வரத்தை ஒரு கேம் விதி மாதிரி படிச்சுப் பாருங்க. மனுஷனாலயும் சாவு இல்லை, மிருகத்தாலயும் இல்லை. பகல்லயும் இல்லை, ராத்திரியும் இல்லை. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. ஆயுதத்தாலயும் இல்லை. இன்னிக்கு இருக்கிற கேம் கம்பெனியா இருந்தா என்ன பண்ணியிருக்கும்? "அடுத்த அப்டேட்ல வரம் ரத்து"ன்னு அறிவிச்சிருக்கும். பெருமாள் அப்படிப் பண்ணலை. வரத்துல ஒரு எழுத்தைக் கூட அழிக்காம, எல்லா நிபந்தனையையும் மதிச்சு, சாயங்காலம் வாசப்படியில வச்சு நகத்தால முடிச்சார். ராவணன் கதையும் அதேதான். தேவர், அசுரர்னு பட்டியல் போட்டவன் மனுஷனை ஒரு பொருட்டா நினைக்கலை. அந்த விட்டுப்போன வரி வழியாத்தான் ராமர் உள்ளே வந்தார். பலம் எவ்வளவு வேணா இருக்கட்டும், ஒரு கதவு இருக்கணும். நம்ம புராணம் முழுக்க பேலன்ஸ் பண்ணின விதம் இதுதான்.

டாமினியன்ஸ்ல அந்தக் கதவுகள் ஏராளமா இருக்கு. சாமிக்குப் பலமே அவர் செல்வாக்கு இருக்கிற எல்லைக்குள்ளதான். எதிரியோட செல்வாக்கு உள்ள ஊருக்குள்ள போனா உடம்புல வலு குறையும். கோயில் கட்டி, பூசாரியை வச்சுப் பிரசாரம் பண்ணியே ஒரு டிராகனைச் சோதாவாக்கலாம். சண்டையில கண்ணு போனா, கால் போனா, பல சாமிகளுக்கு அது தானா ஆறாது. செத்தா பூசாரிகள் கூடி மறுபடி அழைச்சு வரணும், வரும்போது மந்திர பலம் குறைஞ்சுதான் வருவார். இன்னும் சில சாமிகள் சிலை மாதிரி, செல்வாக்கு அபாரம், ஆனா தன் காலால ஒரு அடி நகர முடியாது. பெரிய பெருமாள் பள்ளி கொண்ட இடத்தை விட்டு அசையறதில்லை, வீதிக்கு வர்றது நம்பெருமாள்தான்னு தெரிஞ்ச ஊருக்கு இதுல ஆச்சரியம் என்ன இருக்கு? :-)

"அப்ப எதையுமே மாத்தக்கூடாதா?"ன்னு கேப்பீங்க. மாத்தலாம். ஆனா பலத்தை வெட்டாதீங்க, விலையைச் சரி பண்ணுங்க. இதே கேம் நல்ல உதாரணம். 2006-ல வந்த மூணாம் பாகத்துல ஒரு மந்திரத்துல 9 வரைக்கும் ஏத்தினா புனித வீரர்களுக்குப் பெரிய ஆசீர்வாதம் கிடைக்கும். உடனே என்ன நடந்தது? சாமியைச் சிறையில போட்டுப் புள்ளியை அள்ளினாங்க, ரெண்டு மந்திரத்துல 9 வாங்கினாங்க. சாமி சிறையில, ஆசீர்வாதம் மட்டும் முதல் நாள்லேருந்து. அந்தத் திட்டக்காரனுக்குச் சிறை ஒரு செலவே இல்லை. இது உண்மையான ஓட்டை. 2017-ல வந்த அஞ்சாம் பாகத்துல எப்படி அடைச்சாங்க? ஆசீர்வாதங்களைத் தனித்தனியா விலை போட்டு வாங்க வச்சாங்க. சில ஆசீர்வாதங்கள் சாமி உலகத்துல இருந்தாத்தான் வேலை செய்யும்னு வச்சாங்க. பலம் அப்படியே இருக்கு, பில் மட்டும் ஒழுங்கா வருது. ஏஜ் ஆஃப் மித்தாலஜியும் அப்படித்தான். 2002-ல வந்தப்போ ஒவ்வொரு தெய்வ சக்தியும் ஒரு ஆட்டத்துக்கு ஒரே தடவை. 2024 ரீடோல்ட்ல திரும்பத் திரும்பப் போடலாம், ஆனா ஒவ்வொரு தடவையும் விலை ஏறும். செஸ்ல ராஜா பக்கத்துல நின்ன மந்திரி ஒரு காலத்துல குறுக்கே ஒரே ஒரு கட்டம் நகர்ந்த பரிதாப ஜீவன். 15-ஆம் நூற்றாண்டு கடைசியில ஐரோப்பாவுல அதுக்கு இன்னிக்கு இருக்கிற பலத்தைக் கொடுத்தாங்க. ஆட்டம் கெட்டா போச்சு?

அதனால ஒரு சாமி அநியாயமான்னு பார்க்க மூணு கேள்வி போதும். ஒண்ணு, இதை வாங்க அவன் எதை விட்டுக் கொடுத்தான்? ரெண்டு, வர்றது எனக்கு முன்கூட்டியே தெரிய வழி இருக்கா? மூணு, தெரிஞ்சா தடுக்க என் கையில எதாவது இருக்கா? மூணுக்கும் பதில் இருந்தா மூடிட்டு ஆடுங்க. ஒண்ணுக்காவது பதில் இல்லைன்னா நானே உங்க கூட கொடி பிடிக்கிறேன்.

கொடி பிடிக்க வேண்டிய இடமும் வேற. காசு கட்டினவனுக்கு மட்டும் பெரிய ஹீரோ தர்ற மொபைல் கேம்களைப் பாருங்க. அங்க விலை பலகைக்கு வெளியே, அப்பா பர்ஸ்ல கட்டப்படுது. எதிராளி எந்த ஊரைப் பிடிச்சாலும் அந்தக் கடனை வசூல் பண்ண முடியாது. முதல் கேள்வியிலேயே ஃபெயில். அதைப் பத்தி மூச்சு விடாம, புள்ளி கொடுத்து நேர்மையா வாங்கின டிராகன் மேல பாயறது என்ன நியாயம்?

கடைசியா, "புதுசா வர்ற பையன் முதல் வாரமே அடி வாங்கி ஓடிடுவானே"ங்கற வாதம். இது ஒண்ணுதான் எனக்கும் உறைக்குது. ஆனா அதுக்கு மருந்து தடை இல்லை. யார் சாமி முழிச்சிருக்கு, யார் சாமி சிறையிலன்னு ஆட்டம் தொடங்கும்போதே எல்லாரும் அறிவிச்சிடலாம். புது ஆளை முழிச்ச சாமிக்குப் பக்கத்துல உட்கார வைக்காம இருக்கலாம். ரெண்டு பேர் சேர்ந்து ஒரு புலியை அடைக்கறது எப்படின்னு அவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தடை போட்டா அவனும் அடுத்த வருஷம் இன்னொண்ணுக்குத் தடை கேட்பான், அதுக்கடுத்தவன் இன்னொண்ணுக்கு. கடைசியில பலகையில வெறும் ஆடு மட்டும்தான் இருக்கும். பதினஞ்சு ஆட்டை வச்சுக்கிட்டு என்ன ஆட்டம் ஆடறது, சொல்லுங்க?