மணமேல்குடியிலிருந்து எத்தனை மணி நேரம்?

என் பெரியப்பாவுக்கு நெஞ்சு வலித்தது இரவு பதினொன்றரைக்கு. வாயுப் பிடிப்பு என்றார். பெரியம்மா இஞ்சிச் சாறு கொடுத்தார். பெட்டிக்கடைக்காரரை எழுப்பிச் சோடாவும் வாங்கி வந்தார்கள். மணமேல்குடியை ஒட்டிய கடற்கரைக் கிராமம். விடியலில் வண்டி பிடித்து, அறந்தாங்கி, புதுக்கோட்டை தாண்டித் திருச்சி சேர்ந்தபோது ஒன்பது மணி நேரம் கழிந்திருந்தது. ஸ்டென்ட் பொருத்தினார்கள், பிழைத்தார். ஆனால் வலை இழுத்த மனிதருக்கு இன்று திண்ணையிலிருந்து வாசல்வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. சிகிச்சையில் குறையில்லை. அதற்குள் இதயத் தசையில் பெரும்பகுதி செத்துவிட்டிருந்தது.

இச்சிகிச்சையின் வரலாறு எந்த நாவலுக்கும் குறைந்ததல்ல. 1929இல் ஜெர்மனியின் எபெர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், மேலதிகாரி தடுத்தும் கேளாமல், தன் கைச் சிரை வழியே மெல்லிய குழாயொன்றை இதயத்தை நோக்கிச் செலுத்திக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்து போனார். சோதனை தன்மீதுதான் என்று நம்பிய செவிலியோ மேசையில் கட்டுண்டு கிடந்தார்! 1956இல் நோபல் பரிசு வந்தது. 1977 செப்டம்பர் 16 அன்று ஜூரிச்சில், வீட்டுச் சமையலறையில் பலூன் குழாய்களைச் செய்து பார்த்த ஆந்த்ரேயாஸ் குருன்ட்சிக், இதயத் தமனி அடைப்பை முதன்முதலாக விரித்தார். 1986இல் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்த மாத்யூ சாமுவேல் களரிக்கல் 2025இல் காலமானார். மருந்து பூசிய ஸ்டென்டின் விலைக்கு மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது 2017 பிப்ரவரியில். அன்று அது 29,600 ரூபாய்.

ஆக, கருவி உண்டு, கைதேர்ந்தவர்கள் உண்டு, விலையும் இறங்கியது. குறுக்கே நிற்பது சாலை.

மாவட்டத் தலைநகரில் காத் லேப் இருந்தால் போதும் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. மணமேல்குடிக்காரருக்குப் புதுக்கோட்டையே தொலைவு. தமிழ்நாட்டில் 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வொன்று வேறு வழி காட்டியது: சிறு மருத்துவமனையிலேயே ஈசிஜி எடுத்து, இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, பின் காத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது. ஓராண்டுக்குள் இறப்பவர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2ஆகக் குறைந்தது. நூற்றுக்கு மூன்று பேர்தானே என்று தோன்றலாம். அந்த மூவரில் ஒருவர் நம் வீட்டுக்காரராக இருந்தால் அப்படித் தோன்றாது. ஊசியோடு நிறுத்திவிடவும் கூடாது. ஒரு நாளுக்குள் குழாய் உள்ளே போயாக வேண்டும்.

2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்ப ஏற்பாடானது. நல்ல தொடக்கம். ஆனால் அதிலுள்ள ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் கட்டியை வளரவிடாமல் தடுப்பவை, கரைப்பவை அல்ல. கரைக்கும் ஊசியும், நள்ளிரவில் ஈசிஜி எடுக்க ஓர் ஆளும், அதைத் தொலைவிலிருந்தேனும் படித்துச் சொல்ல ஒரு மருத்துவரும் கடற்கரை வட்டங்களுக்குத்தான் முதலில் வேண்டும்.

ஈசிஜி எடுக்கப் பெரியப்பா போயிருப்பாரா என்பது வேறு விஷயம். அது வாயுதான் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.