புகைக்குழாயை வீட்டிலேயே மாற்றலாமா?

“ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. காய் ஏற்ற ஒரு டர்போ டீசல் பிக்கப் வைத்திருக்கிறோம். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்து ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தம் போடுகிறது. இரண்டு மாதமாக மேட்டில் இழுவையும் இல்லை. கரும்புகை வருகிறது. ‘டர்போ போச்சு, மாத்தணும்’ என்கிறார் மெக்கானிக். ஐ.டி.ஐ. படிக்கும் மகன், ‘நானே வீட்டில் புகைக்குழாயை மாற்றிவிடுகிறேன். நடுவில் இருக்கும் பெட்டியையும் தூக்கிவிட்டு நேர்குழாய் வைத்தால் மைலேஜ் கூடும்’ என்கிறான். என்ன செய்யலாம்?”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ராஜபாளையம்.

பூச்சி, உரம், பயிர்க்காப்பீடு என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நடுவே இந்தக் கடிதத்தைப் பார்த்ததும், வேளாண் அலுவலரிடம் போய் சைலன்சரைக் கேட்கிறாரே என்று முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். மருந்துச் செலவைவிட வண்டிச் செலவு கூடுதலாகிவிட்ட குடும்பங்கள் எனக்கே பல தெரியும். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் பழுத்து நிற்கும்போது வண்டி படுத்துவிட்டால், இரண்டு நாளில் விலை போய்விடும். அதனால் இதுவும் நம் தொழில் கேள்விதான்.

ஐயா, உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. முதலில் அதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினிலிருந்து வரும் சூடான புகை முதலில் மேனிஃபோல்டு வழியாக டர்போவுக்குள் போகிறது. அங்கே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. கூடுதல் காற்று, கூடுதல் எரிப்பு, கூடுதல் இழுவை. சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பூஷி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. டர்போவைத் தாண்டிய பிறகுதான் முன்குழாய், மாசு வடிகட்டும் பெட்டி, சைலன்சர், வால்குழாய் எல்லாம் வரிசையாக வருகின்றன.

இப்போது பாருங்கள். ஓட்டை விழுந்திருப்பது டர்போவுக்குப் பின்னால் இருக்கும் சைலன்சரில். சக்கரத்தைச் சுழற்றி முடித்த புகைதான் அங்கே கசிகிறது. சத்தம் வரும், நாற்றம் வரும். இழுவை குறையாது. ஆகவே சைலன்சரை மாற்றினால் சத்தம் நிற்கும், மேட்டில் வண்டி திணறுவது நிற்காது. அதற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. சைலன்சருக்குள் தகடு இற்று விழுந்து வழியை அடைத்திருந்தாலோ, வடிகட்டிப் பெட்டி கரியால் அடைபட்டிருந்தாலோ மட்டும் இரண்டுக்கும் தொடர்பு உண்டு. கழற்றிய சைலன்சரை ஆட்டிப் பாருங்கள், உள்ளே தகடு உதிர்ந்திருந்தால் கலகலவென்று சத்தம் கேட்கும்.

அந்த இன்னொரு இடம் டர்போவாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் எனக்குத் தெரிந்த தென்னை விவசாயி ஒருவர், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குக் காய் கொண்டுபோகிறவர். ஆரியங்காவு ஏற்றத்தில் வண்டி இரண்டாம் கியரில் நின்று அழுதது. “டர்போ அவுட்டு அண்ணாச்சி” என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். கூட்டுறவு வங்கியில் நகையை வைக்கக் கிளம்பியவரை வழியில் பார்த்தேன். இன்னொரு இடத்தில் காட்டிவிட்டு வங்கிக்குப் போங்கள் என்றேன். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் அடிப்பக்கம் கிழிந்திருந்தது. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. கை விட்டுத் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய புழுதியும் விரலில் வந்தன. ஹோஸ் விலை சில நூறு ரூபாய். நகை வீட்டுக்குத் திரும்பியது.

நீங்களும் அந்த வரிசையில் போங்கள். முதலில் ஏர் ஃபில்டர். தோப்புப் புழுதியிலும் வைக்கோல் தூசியிலும் ஓடும் வண்டிக்கு, கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது, பாதியிலேயே அடைத்துவிடும். அடுத்து அந்த ரப்பர் ஹோஸ்களும் கிளாம்புகளும். அதற்கடுத்து மேனிஃபோல்டும் டர்போவும் சேரும் இடம். அங்கே கேஸ்கட் போயிருந்தால் இணைப்பைச் சுற்றிக் கரி படிந்த கறுப்புத் தடம் இருக்கும், வண்டியை முடுக்கும்போது ‘ஸ்ஸ்’ என்று சீறும். டர்போவுக்கு முன்னால் நடக்கும் இந்தக் கசிவு இழுவையை நேரடியாகக் குறைக்கும்.

கடைசியாக டர்போ. இன்ஜின் நின்று, நன்றாக ஆறிய பிறகு, காற்று வரும் பக்கத்து ஹோஸைக் கழற்றி, உள்ளே தெரியும் சக்கரத்தை ஒரு விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் நூலளவு ஆட்டம் இருப்பது இயல்பு. முன்னும் பின்னும் ஆடினாலோ, இதழ்கள் சுவரில் உரசியிருந்தாலோ மெக்கானிக் சொன்னது சரி. புகையின் நிறமும் சாட்சி சொல்லும். கரும்புகை என்றால் பெரும்பாலும் காற்றுப் பற்றாக்குறை. நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது, டர்போ சீல் அல்லது பிஸ்டன் ரிங். உங்களுடையது கரும்புகை. அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறேன்.

மகன் விஷயத்துக்கு வருவோம். ஐ.டி.ஐ. படிக்கிற பிள்ளை, கையில் வேலை வர வேண்டும். சைலன்சரையும் வால்குழாயையும் அவர் தாராளமாக வீட்டில் மாற்றலாம். டர்போவைத் தொடும் நட்டுகளை மட்டும் வீட்டில் கழற்ற வேண்டாம். சூட்டில் வெந்துபோன ஸ்டட்டுகள் அவை. ஒன்று முறிந்தால் மேனிஃபோல்டையே இறக்க வேண்டிவரும். தவிர, டர்போ சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஒரு துண்டு கேஸ்கட், ஒரு சொட்டு வெல்டிங் பொறி மேனிஃபோல்டுக்குள் விழுந்தால் போதும், முதல் முடுக்கத்திலேயே இதழ் நொறுங்கிவிடும்.

வேலைக்கு முதல் நாளே வண்டியை நிறுத்திவிடுங்கள். வேலை நேரத்தில் குழாய் முழுக்க ஆறியிருக்க வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை அன்று மாலையே நட்டுகளில் விட்டு ஊறவிடுங்கள். சூடான குழாயில் மண்ணெண்ணெய் ஊற்றும் வழக்கத்தை விடுங்கள், தீப்பிடித்த வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

வண்டியைத் தூக்குவதுதான் இதில் உயிர்போகிற கட்டம். சமதளமான கெட்டித் தரை வேண்டும், தோப்பு மண் ஆகாது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் அண்டை கொடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள், அல்லது பட்டறையில் ஒருநாள் கேட்டு வாங்குங்கள். செங்கலையும் ஹாலோ பிளாக்கையும் அடியில் அடுக்கிவிட்டுக் கீழே படுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பாரத்தில் அவை சத்தமில்லாமல் நொறுங்கும். மகன் கீழே இருக்கும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், தனியாகச் செய்யவிடாதீர்கள். கண்ணாடி போடாமல் அண்ணாந்து சுத்தியல் தட்டினால் துரு நேரே கண்ணில்தான் விழும்.

பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போட வேண்டாம், அதில் மிச்சம் பிடிப்பது வீண். தொங்கவிடும் ரப்பர்கள் வரவில்லை என்றால் சோப்புத் தண்ணீர் விட்டால் வழுக்கி வரும். புதுக் குழாயை முன்னாலிருந்து பின்னால் வரை தளர்வாக மாட்டி, பிரேக் ஹோஸ், டீசல் குழாய், ஸ்டெப்னி எதிலும் படாமல் இரண்டு விரல் இடைவெளி பார்த்து, அதன் பிறகே எல்லா நட்டுகளையும் இறுக்குங்கள். ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே போனால் கடைசிக் குழாய் கோணிக்கொண்டு நிற்கும். வெல்டிங் வைப்பதாக இருந்தால் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், இன்றைய வண்டியில் கம்ப்யூட்டர் இருக்கிறது. பத்து நிமிடம் ஓடவிட்டு, இணைப்புகளின் அருகே, தொடாமல், கையைக் கொண்டுபோனால் கசிவு உள்ளங்கையில் அடிக்கும். புது வண்ணம் கருகும் நாற்றமும் லேசான புகையும் முதல் நாள் வரும், பயப்பட வேண்டாம். நூறு கிலோமீட்டர் ஓடிய பின், ஆறவிட்டு, இன்னொரு முறை நட்டுகளை இறுக்கிவிடுங்கள்.

அந்த நடுப் பெட்டியை மட்டும் தூக்க வேண்டாம். அது சும்மா இருக்கும் தகரம் அல்ல, நச்சு வாயுவை மாற்றும் கேட்டலிஸ்ட். ஏப்ரல் 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டி என்றால் பெரும்பாலும் கரியைப் பிடித்து வைத்து, சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துவிடும் வடிகட்டியும் சேர்ந்திருக்கும். அதில் சூடும் அழுத்தமும் அளக்கும் சென்சார்கள் உண்டு. எடுத்த மறுநிமிடம் விளக்கு எரியும், வண்டி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பழைய வண்டியிலும் மைலேஜ் கூடும் என்பது பேச்சுதான். அடைத்த ஏர் ஃபில்டரை மாற்றினால் அதைவிடக் கூடும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி மாசு, ஒலி விதிகளை மீறிய வண்டியை ஓட்டினால் முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் போகும். இன்னொன்றும் காதில் போட்டு வைக்கிறேன். கேட்டலிஸ்ட் பெட்டிக்குள் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். ‘காசு வேண்டாம், சும்மாவே கழற்றித் தர்றேன்’ என்று யாராவது சொன்னால், பெட்டி யார் வீட்டுக்குப் போகிறது என்று பாருங்கள்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் தோப்புக்குப் பக்கத்தில் இருப்பது 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். யானை இறங்கும் ஓரத்தில், இரவில் அதிர்கிற வண்டியோடு போவது யாருக்கும் நல்லதில்லை.

புகைக்குழாய்க் கசிவை நான் ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறேன் என்று நினைக்கலாம். சுமார் 15 ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. சாரல் நாளில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குற்றாலம் போனோம். புளியங்குடி தாண்டும்போது மகள் தலைவலி என்றாள், கடையநல்லூரில் வாந்தி. பஸ்ஸில் போனால் வருகிற மாதிரி வாந்தி என்று எலுமிச்சம்பழம் கொடுத்தேன். தென்காசியில் மனைவிக்கும் தலை சுற்றியது. இறங்கிக் காற்றாட நின்றதும் இருவருக்கும் தெளிந்தது. அப்போதுதான் பொறி தட்டியது. முன்குழாய் இணைப்பு கிழிந்து, தரைத் தகட்டின் துரு ஓட்டை வழியே புகை உள்ளே வந்துகொண்டிருந்தது. ஆறு மாதமாகச் ‘சத்தம்தானே, அறுவடை முடியட்டும்’ என்று நான்தான் தள்ளிப்போட்டிருந்தேன்.

கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. டீசலில் அது பெட்ரோலைவிடக் குறைவு என்றாலும், தார்ப்பாய் மூடிய பிக்கப்பின் பின்பக்கம் ஓடும்போது புகையை உள்ளே இழுக்கும். ஆடிப்பூரத் தேர் பார்க்கப் பிள்ளைகளை அங்கே ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதே குற்றம், ஓட்டைச் சைலன்சரோடு ஏற்றுவது அதைவிட ஆபத்து. உங்கள் வண்டி சரியாகும் வரை கேபின் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியே ஓட்டுங்கள். கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்க வேண்டாம்.

“டர்போ டிராக்டர் வாங்கியிருக்கிறேன். தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?”

- வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்.

கிளப்பியதும் ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டுப் பிறகு முடுக்குங்கள், எண்ணெய் டர்போ தண்டுக்கு ஏற நேரம் வேண்டும். உழவு முடித்ததும் உடனே அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓடட்டும். சூட்டோடு நிறுத்தினால் தண்டில் நிற்கும் எண்ணெய் கருகிப் பிசினாகிவிடும். வைக்கோல் போர் பக்கம் ஓட்டும்போது சைலன்சரில் சேர்ந்த சருகைத் தட்டிவிடுங்கள்.

மேலே நோக்கிய சைலன்சர் என்றால், மழைக்கு நிறுத்தும்போது வாயில் ஒரு காலி டின்னைக் கவிழ்த்து வையுங்கள், தண்ணீர் நேரே டர்போவில் போய் நிற்கும். டிராக்டரை லாரியில் ஏற்றி அனுப்பும்போதும் அந்த வாயைக் கட்டிவிட வேண்டும். எதிர்காற்றில் டர்போ சக்கரம் எண்ணெய் இல்லாமலே மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டு போகும். வண்டியை இறக்கி, கிளப்புவதற்கு முன் கட்டை மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள்.