டிஸ்கவுன்ட் கடையா, ஏசி கடையா? மாத மளிகையை எங்கே வாங்கினால் லாபம்?

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். டூவீலரின் முன்னால் அரிசிப் பை, நடுவில் குழந்தை, பின்னால் அம்மாவின் மடியில் எண்ணெய் கேன். இப்படி வண்டிக்கொரு மளிகைக் கடை போய்க்கொண்டிருக்கும். அந்தப் பை எந்தக் கடையிலிருந்து வருகிறது என்பதில்தான் பாதி வீடுகளில் விவாதமே. 'அங்கே எல்லாமே விலை கம்மி' என்பார் ஒருவர். 'கம்மிதான், பருப்பு வேகுதா பாருங்க' என்பார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதும் சரி. ஆனால் வேறு வேறு பொருள்களுக்கு.

சோப்பு, பேஸ்ட், ஷாம்பு, பிஸ்கட், பிராண்டட் டீத்தூள் இதிலெல்லாம் தரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே கம்பெனி, ஒரே பாக்கெட். மார்பிள் தரை போட்ட கடையில் வாங்கினால் நுரை கூடுதலாக வராது. ஏசி கடையில் எம்.ஆர்.பி-க்கே விற்பார்கள், டிஸ்கவுன்ட் கடையில் சில ரூபாய் குறைப்பார்கள். எங்கே குறைவோ அங்கே வாங்கிவிடலாம்.

அவர்களால் எப்படிக் குறைக்க முடிகிறது? மும்பை பவாயில் 2002-ல் முதல் கடையைத் திறந்த டிமார்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வாடகைக்குப் போகாமல் இடத்தைச் சொந்தமாக வாங்கிவிடுகிறார்கள். சரக்கு கொடுத்தவர்களுக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து, அதற்குப் பதிலாக விலையைக் குறைத்து வாங்குகிறார்கள். அலங்காரத்துக்குச் செலவில்லை, வேகமாக விற்கும் சரக்குதான் ரேக்கில் இருக்கும். ஜெர்மனியின் ஆல்டி பல வருடங்களாகச் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். ஆக, விலை குறைந்தாலே சரக்கு மட்டம் என்று அர்த்தமில்லை.

நம்ம பக்கத்துக்கு ஏசி கடை ஒன்றும் புதுசில்லை. நீலகிரியில் 1905-ல் வெண்ணெய் வியாபாரமாகத் தொடங்கியதுதான் நீல்கிரிஸ். 1936-ல் பெங்களூரு பிரிகேட் ரோட்டுக்குப் போய், பின்னால் சூப்பர் மார்க்கெட்டாக வளர்ந்தது. கோவைக்காரர்கள் 'நம்ம கடை' என்று உரிமையோடு போய்வந்த கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோரை 2020-ல் ரிலையன்ஸ் ரீடெய்ல் வாங்கிவிட்டது. பழைய கடை, புதிய கடை, லோக்கல், வெளியூர் என்று பிரித்துத் தரத்தைக் கணிப்பது இனி கஷ்டம். பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பதுதான் வழி.

எங்கள் தெரு அக்கா ஒருவர் துவரம்பருப்பை மட்டும் டிஸ்கவுன்ட் கடையில் தொடவே மாட்டார். "கிலோவுக்குப் பதினஞ்சு ரூவா மிச்சம் புடிச்சுப்போட்டு, குக்கர்ல நாலு விசில் சேத்தி வெச்சா, மிச்சம் எங்க கண்ணு நிக்குது?" என்பார். அவர் கணக்கில் நியாயம் இருக்கிறது. வெயிலிலும் ஈரத்திலும் நாள்பட இருந்த பருப்பு வேக நேரமெடுக்கும். ஆனால் பழைய பருப்பு ஏசி கடையிலும் இருக்கலாம் அல்லவா? அதனால் பேக்கிங் தேதியைப் பாருங்கள். புதுக் கடையில் முதல் தடவை அரைக் கிலோ மட்டும் வாங்கி வேகவைத்துப் பாருங்கள்.

கடையின் பெயரிலேயே வரும் 'ஓன் பிராண்ட்' பருப்பு, மிளகாய்த்தூள், மைதாவுக்கும் இதே வழிதான். அந்தக் கடை எதையும் விளைவிப்பதில்லை, எங்கோ பேக் செய்து வருகிறது. தயாரித்தவர் அல்லது பேக் செய்தவர் பெயரும் முகவரியும் பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம். உணவுப் பொருளுக்கு 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். பிடித்துப்போனால் ஓன் பிராண்ட் நல்ல லாபம். விளம்பரச் செலவு அதில் இல்லை.

இப்போது எண்ணெய். அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். ரேக்கில் அதே உயரம், அதே வடிவத்தில் 850 கிராம் பாக்கெட்டும் நிற்கும். உதாரணத்துக்கு, லிட்டர் பாக்கெட் 160 ரூபாய், 850 கிராம் பாக்கெட் 152 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு ரூபாய் லாபம் என்று கை தானாக நீளும். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் முதலாவது சுமார் 176 ரூபாய், இரண்டாவது சுமார் 179 ரூபாய். முன்பெல்லாம் எண்ணெய், பிஸ்கட் போன்ற பொருள்களை அரசு குறித்த அளவுகளில்தான் பேக் செய்ய வேண்டும். 2021-ல் எடையளவு விதிகளைத் திருத்தியபோது அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு, கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்பதை பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று சேர்த்தார்கள். எழுத்து பொடிசாகத்தான் இருக்கும். போன் கேமராவில் ஜூம் செய்து பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

செக்கு எண்ணெய்க்கு இன்னொரு கணக்கு. ஒரு லிட்டர் கடலெண்ணெய் ஆட்ட இரண்டேகாலிலிருந்து இரண்டரை கிலோ கடலைப்பருப்பு வேண்டும். பருப்பு விலையை அதால் பெருக்கி, புண்ணாக்கு விற்ற காசைக் கழித்துப் பாருங்கள். 'செக்கு' என்று எழுதிய பாட்டில் அதைவிட மிகக் குறைவான விலைக்குக் கிடைத்தால், எந்தக் கடையாக இருந்தாலும் சந்தேகப்படலாம். நல்லெண்ணெய் ரேக்கில் தீப எண்ணெயும் பக்கத்திலேயே இருக்கும். அது விளக்குக்குத்தான், தாளிக்க அல்ல. பெருங்காயத்தை வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள், மைதாவும் கோந்தும் எவ்வளவு என்று தெரியும்.

காய்கறிக்கு இரண்டு கடையுமே வேண்டாம் என்பது என் கட்சி. ஊட்டி கேரட்டும் உருளையும் மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலம் போய், நம் வாசல் வழியாகத்தான் கோவைக்குள் போகிறது. அதை ஏசியில் அடுக்கி, மேலே மஞ்சள் லைட் போட்டு விற்பதற்கு நாம் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? வாரச்சந்தையும் உழவர் சந்தையும் இருக்கின்றன. 1999-ல் மதுரையில் ஆரம்பித்த உழவர் சந்தை கோவையில் இன்றும் நன்றாகவே நடக்கிறது. காளான், சீஸ் போன்ற குளிர்ச்சி தேவைப்படும் பொருள்களுக்கு மட்டும் ஏசி கடைக்கே என் ஓட்டு. அங்கே ஃப்ரிட்ஜை ராத்திரி அணைக்காமல் வைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கைதான்.

இத்தனை கணக்கையும் கெடுப்பது டிராலிதான். டிஸ்கவுன்ட் கடையில் மளிகைப் பகுதியைத் தாண்டினால் பிளாஸ்டிக் டப்பா, நைட்டி, பெட்ஷீட், தவா. மளிகையில் விட்ட லாபத்தை அவர்கள் பிடிப்பது அங்கேதான். பருப்பில் மிச்சம் பிடித்த நூறு ரூபாய், தேவையில்லாத டப்பா செட்டில் போய்விடும். லிஸ்ட் எழுதிக்கொண்டு, முடிந்தால் குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். பையும் கொண்டுபோங்கள். பில் போடும்போது பைக்குத் தனியாகக் காசு வாங்குவது முறையற்ற வணிகம் என்று பிக் பஜார் வழக்கில் 2020 டிசம்பரிலேயே தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லியிருக்கிறது. எம்.ஆர்.பி-க்கு மேல் வாங்கினாலும் எடை குறைந்தாலும் 1915-க்கு போன் செய்து புகார் சொல்லலாம்.

ஐநூறு ரூபாய்க்குள் வாங்க வேண்டியது என்றால், பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டிஸ்கவுன்ட் கடைக்கு வண்டியை எடுக்காதீர்கள். பெட்ரோலிலேயே லாபம் போய்விடும். தெருமுனை அண்ணாச்சி கடையிலேயே வாங்குங்கள். 25-ம் தேதிக்கு மேல் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுப்பவர் அவர் மட்டும்தான். அந்த வசதி மற்ற இரண்டு கடைகளிலும் எந்த விலைக்கும் கிடைக்காது.