முதலிடம் என்று ஓர் இடம் இல்லை

போன அக்டோபரில் சென்னையிலிருந்து நண்பன் ஒருவன் வந்திருந்தான். நியூயார்க்கில் நாலு நாள். அவன் கைபேசியில் பதினான்கு பீட்சாக் கடைகளின் பட்டியல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே நட்சத்திரக் கணக்கு, எத்தனை பேர் போட்டார்கள் என்ற எண்ணிக்கை. முதல் நாள் மாலை, பட்டியலில் இருந்த ஒரு கடையின் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். பசி தாங்காமல் வெளியே வந்து, தெருமுனையில் இருந்த ஏதோ ஒரு கடையில் ஆளுக்கு ஒரு ஸ்லைஸ் வாங்கினோம். அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்தது. காகிதத் தட்டில் எண்ணெய் ஊறியிருந்தது.

“டேய், செமையா இருக்குடா” என்றான்.

பாதி தின்றிருப்பான். கைபேசியை எடுத்துக் கடையின் பெயரைத் தேடினான். 3.9. “அவ்ளோதானா?” என்று என்னைப் பார்த்தான். மிச்சத்தைத் தட்டோடு மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டான். “வயித்துல இடம் வெக்கணும்டா. நாளைக்கு நல்ல கடைக்குப் போறோம்ல.”

அந்தப் பாதி ஸ்லைஸுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு பெருநகரத்தின் ‘சிறந்த பீட்சாக் கடை எது’ என்ற கேள்வியே தப்பு என்பது என் கட்சி. பதில் கிடைப்பது கஷ்டம் என்று சொல்லவில்லை. பதிலே கிடையாது என்கிறேன். நானும் சில வருடங்கள் தரவரிசை போடும் மென்பொருளில் வேலை பார்த்தவன். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான்: வரிசைப்படுத்து என்று கட்டளை கொடுத்தால் கணினி எதையாவது முதலில் வைத்தே தீரும். ‘இவற்றில் முதல் என்று எதுவும் இல்லை’ என்று அது ஒருநாளும் சொல்லாது. அப்படிச் சொல்ல யாரும் அதற்குக் கற்றுத்தரவில்லை. முதலில் வந்து நிற்பதை நாம் சிறந்தது என்று படித்துக்கொள்கிறோம்.

நட்சத்திரங்களின் சராசரியை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள், இரண்டே பேர் போட்ட ஐந்து நட்சத்திரம் நூற்றுக்கணக்கானவர்கள் போட்ட 4.8ஐ முந்திவிடும் என்று ஈவன் மில்லர் 2009இல் எழுதினார். நிரலாளர்கள் மத்தியில் பிரபலமான கட்டுரை அது. அந்தக் கோளாறுக்குச் சூத்திரம் உண்டு, சரிசெய்துவிடலாம். எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. 2014இல் கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் பொட்டோ பிஸ்ட்ரோ என்ற இத்தாலிய உணவகம், யெல்ப் தளத்தில் தங்களுக்கு ஒற்றை நட்சத்திரம் போடுகிறவர்களுக்குப் பீட்சாவில் தள்ளுபடி என்று அறிவித்தது. நன்றாகச் சாப்பிட்டவர்கள் சந்தோஷமாக வந்து ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். 2017இல் லண்டனில் ஊபா பட்லர் தான் குடியிருந்த கொட்டகையை உணவகம் என்று ட்ரிப் அட்வைசரில் பதிவுசெய்தார். போலி விமர்சனங்களை மட்டுமே வைத்து அதை அந்த நகரத்தின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். அடுப்பே பற்றவைக்காத உணவகம் முதலிடத்தில்!

‘பொதுஜனம் வேண்டாம், நிபுணர்களைக் கேட்போம்’ என்பீர்கள். கேட்டோம். 50 டாப் பீட்சா என்ற இத்தாலியப் பட்டியல் 2024இல் மன்ஹாட்டனின் உனா பீட்சா நாப்போலெத்தானாவை உலகிலேயே முதல் கடை என்று அறிவித்தது. நல்ல கடைதான், சண்டை இல்லை. ஆனால் அது எதில் முதல்? நாப்போலி வகைப் பீட்சா 400 டிகிரிக்கு மேல் எரியும் அடுப்பில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். நடுவில் குழைவாக இருக்கும், உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நியூயார்க் ஸ்லைஸோ 300 டிகிரிக்கும் குறைவான எரிவாயு அடுப்பில் பல நிமிடம் வேகும். கண்ணாடிக்குள் காத்திருக்கும், நீங்கள் கேட்டதும் மறுபடி சூடாகி வரும். மடித்துக் கையில் பிடித்துக்கொண்டே நடக்கலாம். ப்ளீக்கர் தெருவில் இருக்கும், 1929இல் தொடங்கிய ஜான்ஸில் நிலக்கரி அடுப்பு. அங்கே ஸ்லைஸே கிடையாது, முழுப் பீட்சாதான். அங்கிருந்து சில நிமிட நடையில், 1975இல் தொடங்கிய ஜோஸ் பீட்சாவில் நின்றபடியே ஒரு ஸ்லைஸ் தின்றுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இரண்டில் எது சிறந்தது? இட்லிக்கும் பரோட்டாவுக்கும் நடுவே யாராவது மதிப்பெண் போடுவார்களா? இரவு பதினோரு மணிக்குத் தனியாகப் பசித்து நிற்பவனுக்கு ஒரு பதில், நாலு பேராக உட்கார்ந்து பேச வந்தவர்களுக்கு இன்னொரு பதில்.

இன்னும் ஒரு சிக்கல், மதிப்பெண் எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்பது. பாட்ஸி கிரிமால்டி என்பவர் 1990இல் ப்ரூக்ளின் பாலத்தடியில் கடை போட்டார், 1998இல் விற்றுவிட்டார். வாங்கியவர்கள் பிறகு பக்கத்துக் கட்டடத்துக்கு மாறினார்கள், கிரிமால்டிஸ் என்ற பெயரும் கூடவே போனது. 2012இல் பெரியவர் திரும்பி வந்து, தன் பழைய இடத்திலேயே, அம்மாவின் பெயரில் ஜூலியானாஸ் என்று தொடங்கினார். பெயர் ஒரு கடையில், பழைய அடுப்பும் ஆளும் அடுத்த கடையில் என்று ஆயிற்று. பழைய புகழ் யாருக்குச் சேரும்? ப்ரூக்ளின் அவென்யூ ஜேயில் 1965இல் தொடங்கிய டி ஃபாராவின் டாம் டிமார்கோ, பல பத்தாண்டுகள் பீட்சாக்களைத் தன் கையாலேயே போட்டார். கத்தரிக்கோலால் துளசியை நறுக்கித் தூவுவார். 2022இல் இறந்துபோனார். அவர் கைக்கு விழுந்த நட்சத்திரங்கள் மட்டும் கடையின் பெயரில் அப்படியே இருக்கின்றன.

எதிர்வாதம் இருக்கிறது, நியாயமான வாதம்தான். ‘நீ ஜெர்சி சிட்டியில இருக்க, இந்த வாரம் மோசமா இருந்தா அடுத்த வாரம் வேற கடைக்குப் போவ. எனக்கு நாலே நாள்டா’ என்றான் நண்பன். அதோடு, ஒருகாலத்தில் பத்திரிகை விமர்சகர் நாலு பேர் வைத்ததே சட்டமாக இருந்தது. நட்சத்திரங்கள்தான் அதை உடைத்தன. சியாட்டில் உணவகங்களை ஆராய்ந்த மைக்கேல் லூகா, யெல்ப்பில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது, அந்தப் பலன் சங்கிலிக் கடைகளுக்கு இல்லை, தனிக் கடைகளுக்குத்தான் என்று 2011இல் காட்டினார். விளம்பரத்துக்குக் காசில்லாத சின்னக் கடைக்காரருக்கு இது பெரிய விஷயம். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு சல்லடையாகப் பயன்படுகிற எண்ணை நாம் தராசாக்கிவிட்டோம். கெட்டுப்போனதைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க அந்த எண் உதவும். அதற்கு மேலே 4.4ஆ 4.6ஆ என்று கூட்டிக் கழிப்பது வெறும் இரைச்சலுக்கு அர்த்தம் தேடுவது. இந்த ஊரில் ஸ்லைஸின் விலையும் சுரங்க ரயில் கட்டணமும் ஜோடியாகவே ஏறுகின்றன என்று 1980லேயே ஒருவர் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். எனக்கு அந்த ஒப்பீட்டில் விலையைவிடப் பெரிய உண்மை ஒன்று தெரிகிறது. ஸ்லைஸ் என்பது ரயில் மாதிரி ஒரு பொது வசதி. நகரத்தின் மிகச் சிறந்த ரயில் நிலையம் எது என்று தேடி யாரும் ரயில் ஏறுவதில்லை. பக்கத்தில் இருப்பதில் ஏறுகிறோம்.

ஸ்லைஸின் ருசியைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு, அது அடுப்பை விட்டு வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதற்குத்தான். அந்தத் தகவல் எந்தச் செயலியிலும் இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியும். கூட்டம் வந்து போய்க்கொண்டிருக்கிறதா, புதிதாக ஒன்று அடுப்புக்குள் போகிறதா என்று பாருங்கள். வெறும் சீஸ் ஸ்லைஸ் ஒன்று வாங்குங்கள். மேலே எதையும் தூவி மறைக்க முடியாத ஸ்லைஸ் அது. மாவும் சாஸும் பேசட்டும். மோசமாக இருந்தால் இருக்கட்டும். மோசமான ஸ்லைஸ் நாலு தின்றவனுக்குத்தான் ஐந்தாவது ஏன் நன்றாக இருக்கிறது என்று தெரியும். முதலிடத்தில் மட்டுமே சாப்பிட்டவனுக்கு ஒப்பிட என்ன இருக்கிறது?

நண்பனின் நாக்கு தப்பு செய்யவில்லை. அது ‘செமையா இருக்கு’ என்று சரியாகத்தான் சொன்னது. அவன்தான் அதை நம்பவில்லை. முகம் தெரியாத சில நூறு பேரின் சராசரியைக் கேட்டு, வாயில் இருந்த ருசியை வாபஸ் வாங்கிக்கொண்டான். இன்றைக்கு இது பீட்சா. வாசித்து முடித்த நாவல் பிடித்ததா என்று தெரிந்துகொள்ள குட்ரீட்ஸைத் திறந்து பார்க்கிறவர்களையும், இடைவேளையில் மதிப்பெண் பார்த்த பிறகு படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறவர்களையும் எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருவனாக இருந்திருக்கிறேன். ருசி என்பது பழக்கத்தில் வருவது. பழகாமல் விட்டால் மங்கிப் போகும்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். முதலில் தின்று முடியுங்கள். பிடித்திருந்தால் வெளியே வந்து பெயர்ப்பலகையைப் பாருங்கள். கைபேசி பையிலேயே இருக்கட்டும்.