தறியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

நெய்வேலிச் சுரங்கம் விரிந்தால்தான் காஞ்சிபுரம் நெசவுக்கும் எதிர்காலம் என்கிறார்கள். இவர்கள் எங்கள் தறியைப் பார்த்ததுண்டா? கைத்தறியை ஓட்டுவது நெசவாளியின் கையும் காலும். மின்சாரம் பெரும்பாலும் விளக்குக்கும் விசிறிக்கும்தான்.

நெய்வேலியின் பங்கை நான் மறுக்கவில்லை. 1956இல் தொடங்கிய நிறுவனம் 1962இல் மின்சாரம் தந்தது. தமிழகத் தொழில்கள் அதனால் வளர்ந்தன. ஆனால் சுரங்கம் 'வட்டாரத்துச் செல்வம்' என்று சொல்லும் கணக்குத்தான் உதைக்கிறது. அங்கே தோண்டும் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறையப் பாதி ஈரம். தொலைவுக்கு ஏற்றிப்போனால் கட்டுப்படியாகாது. தோண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே எரித்தாக வேண்டும். மின்சாரம் கம்பியில் ஏறிக் கேரளம், கர்நாடகம் வரை போகிறது. சாம்பலும் பள்ளமும் கடலூர் மாவட்டத்துக்கே மிச்சம். போதாததற்கு, அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இராப்பகலாக இறைக்காமல் அங்கே சுரங்கமே நடக்காது.

2023 ஜூலையில் அதே மாவட்டத்து வளையமாதேவியில், சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட, விளைந்துகொண்டிருந்த நெல்வயலில் அந்த நிறுவனத்தார் இயந்திரத்தை இறக்கினார்கள். இழப்பீடு கொடுத்தாயிற்றே என்று வாதம் வேறு! அறுவடைவரை பொறுக்க முடியாத அவசரத்துக்கு வளர்ச்சி என்று பெயர் வைக்காதீர்கள்.

காஞ்சிப் பட்டை வாங்குவோரில் டெல்டா விவசாயக் குடும்பங்களும் உண்டு. வயலை எடுத்துவிட்டு எங்களுக்கு எதிர்காலம் தருவதாகச் சொன்னால் எப்படி?

வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகளும் 2023இல் ஏலப் பட்டியலில் ஏறி, எதிர்ப்புக்குப் பிறகே இறங்கின. மறுபடி ஏற்றச் சொல்பவர்கள் தங்கள் பெயரில் கேட்கட்டும். நெசவாளி பெயரில் வேண்டாம்.